நாவடி மாத்திரையும் களப்பணியாளரும்: இந்தியாவில் ஓபியாய்டு மாற்று மருந்துச் சிகிச்சை பரவிய வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஹெராயின் முதலிய ஓபியாய்டுப் பொருள்களைச் சார்ந்துவிட்டோர்க்குப் புப்ரினார்ஃபின், மெதடோன் ஆகிய மருந்துகளை நீண்ட காலம் வழங்கும் சிகிச்சை, இந்தியாவில் 1993 முதல் நடைபெற்று வருகிறது. இச்சிகிச்சையைத் தெருவோரங்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றவர்கள் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள். அவர்களுள் பலர் முன்னர்ப் போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள். ஆயினும் மருந்தைக் கையில் வைத்திருக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. அது ஏன் என்பதைக் காசநோய்ச் சிகிச்சையின் சென்னை வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புப்ரினார்ஃபின், மாற்று மருந்துச் சிகிச்சை, களப்பணியாளர், நேரடி மேற்பார்வை, போதைமருந்துச் சட்டம், மணிப்பூர், சென்னை

சொல்லாட்சி குறித்து

தமிழில் ‘போதை அடிமை’ என்னும் தொடர் வேரூன்றிவிட்டது. அரசாணைகளும் நாளிதழ்களும் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளும் அதனையே ஆள்கின்றன. ‘அடிமை’ என்ற சொல், மீட்பவர் ஒருவரையும் மீட்கப்படுபவர் ஒருவரையும் முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. மீட்சி என்பது முழுமையான விடுதலை மட்டுமே என்னும் எண்ணத்தையும் உடன் கொண்டுவருகிறது. நீரிழிவு நோயாளி இன்சுலின் எடுத்துக்கொள்வதுபோல ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்துக்கொண்டு இயல்பாக வாழ்வது அந்தச் சொல்லின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் ‘சார்பு’ என்ற சொல்லே கையாளப்படுகிறது. தமிழ்ச் சூழலில் போதை பற்றிய பொதுவிவாதம் ஏறத்தாழ முழுமையும் மதுவைப் பற்றியதாகவே இருந்துவருவதால், ஓபியாய்டுச் சார்புக்கென ஒரு கலைச்சொல் மரபு இன்னும் உருவாகவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

உரிமக் கடையிலிருந்து தடைச்சட்டம் வரை

அபினியைத் தன் கையாலேயே குடிமக்களுக்கு விற்ற அரசுதான் பின்னர் அதனைத் தடைசெய்தது. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் கசகசாப் பயிரிடலையும் விற்பனையையும் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டில் வைத்தன. உரிமம் பெற்ற கடைகளில் அபினி வெளிப்படையாகக் கிடைத்தது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் அதனை உண்டவர்கள் பலர். 1893இல் அமைக்கப்பட்ட அபினிக்கான அரச ஆணையம், 1895இல் அளித்த அறிக்கையில், இந்தியர் அபினி உண்பதைப் பெருந்தீமையாகக் கருதவில்லை. வருவாய் நலன் அந்த முடிவில் எவ்வளவு கலந்திருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் நெடுநாள் விவாதித்த வினா.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு, மருத்துவம் சாராத அபினிப் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில், அதாவது 1959க்குள், முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. ஏற்கெனவே சார்ந்துவிட்டவர்களை அரசு பதிவேட்டில் சேர்த்து, மருத்துவச் சான்றின் அடிப்படையில் குறிப்பிட்ட அளவு அபினி வழங்கியது. இன்றைய மாற்று மருந்துச் சிகிச்சையின் அடிப்படை எண்ணம், அதாவது திடீரென நிறுத்தாமல் அறிந்த அளவில் அறிந்த இடத்திலிருந்து தொடர்ந்து கொடுத்தல், இந்தப் பதிவேட்டு முறையில் முன்பே இருந்தது. ஆனால் அது சிகிச்சையாகக் கருதப்படவில்லை. பழைய தலைமுறை மறையும்வரை பொறுத்துக்கொள்ளும் நிருவாக ஏற்பாடாகவே கருதப்பட்டது. பதிவேட்டில் புதிய பெயர்கள் சேராததால் அது காலப்போக்கில் தானே சுருங்கியது.

1980களின் தொடக்கத்தில் ‘பிரவுன் சுகர்’ எனவும் ‘ஸ்மாக்’ எனவும் வழங்கப்பட்ட தூய்மையற்ற ஹெராயின் இந்திய நகரங்களில் பரவியது. அதற்கு விடையாக வந்தது 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் கடுமையான தண்டனைகளால் அறியப்படுகிறது. அதன் 71ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சார்புடையோரைக் கண்டறியவும் அவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கவும் அரசு மையங்களை நிறுவலாம் என்று கூறும் அப்பிரிவு, பதிவுசெய்யப்பட்டோர்க்கும் மருத்துவத் தேவை உடையோர்க்கும் அம்மையங்கள் வழியாகப் போதைமருந்துகளையே வழங்கலாம் என்றும் கூறுகிறது. தடைச்சட்டத்துக்குள்ளேயே சிகிச்சைக்கான கதவு ஒன்று திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பது இதன் பொருள். அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு அந்தக் கதவின் பக்கம் அதிகம் செல்லவில்லை. தொண்டு நிறுவனங்களே சென்றன.

இரு மருந்துகள்

மெதடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்ட வலிநீக்கி. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்சென்ட் டோலும் மனநல மருத்துவர் மேரி நிஸ்வாண்டரும் ஹெராயின் சார்புடைய 22 பேருக்கு அதனைத் தொடர்ந்து கொடுத்துக் கண்ட முடிவுகளை 1965இல் வெளியிட்டனர். நாள் முழுதும் அடுத்த ஊசியைத் தேடி அலைந்தவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பினர் என்பதே அந்த ஆய்வின் சாரம். புப்ரினார்ஃபின் 1960களில் இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தில் உருவானது. 1978இல் டொனால்ட் ஜசின்ஸ்கி முதலியோர் அது சார்புச் சிகிச்சைக்கு ஏற்றது எனக் காட்டினர். அது மூளையிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆயினும் அவற்றை முழுமையாகத் தூண்டுவதில்லை. அளவு கூடினாலும் மூச்சை ஒடுக்கும் விளைவு ஓர் எல்லைக்குமேல் ஏறுவதில்லை. ஆதலால் மெதடோனைவிடப் பாதுகாப்பானது. விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால் நாவின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும்.

இந்தக் கடைசிச் செய்தி சிறிய மருந்தியல் விவரமாகத் தோன்றலாம். இந்தியாவில் இச்சிகிச்சையின் அன்றாட வடிவத்தைத் தீர்மானித்தது அதுவே. கரைவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மாத்திரையை வாயிலிருந்து எடுத்து, வெளியே விற்கவோ கரைத்து ஊசியில் ஏற்றவோ முடியும். ஆகவே செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாவடியில் இட்டு, அது கரையும்வரை எதிரில் இருந்து பார்க்க வேண்டும் என்ற நடைமுறை உருவானது. சிகிச்சை பெறுபவர் ஒவ்வொரு நாளும் மையத்துக்கு வர வேண்டும். 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் புப்ரினார்ஃபினையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தபோது, எங்கு எவர் கொடுப்பது என்ற வினாவே எஞ்சி நின்றது. பிரான்சு அதற்கு வேறு விடை கண்டிருந்தது. 1990களின் நடுவில் அங்குப் பொது மருத்துவர்கள் எவரும் புப்ரினார்ஃபினைப் பரிந்துரைக்கலாம், மருந்துக் கடையில் பெற்றுக்கொள்ளலாம் என்றானது. 1995க்கும் 1999க்கும் இடையில் மிகையளவு இறப்புகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

சென்னையில் தோன்றிய மேற்பார்வை

மருந்து உட்கொள்வதை நேரில் நின்று பார்த்தல் என்ற முறை இந்தியாவில் போதைச் சிகிச்சைக்கு முன்பே வேறொரு நோயின் வழியாக அறிமுகமாகியிருந்தது. அதன் பிறப்பிடங்களுள் ஒன்று சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இணைந்து அதனை நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதன்மை ஆய்வாளர். நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைக்கும் சானடோரியத்தில் இருப்பவர்க்கும், நெரிசலான வீட்டில் வறுமையில் இருந்தபடியே மாத்திரை உண்பவர்க்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் வெளியான அதன் ஆய்வு நிறுவியது. நோயாளியின் குடும்பத்தார்க்கு நோய் தொற்றும் இடரும் வீட்டுச் சிகிச்சையால் கூடவில்லை.

போதிய படுக்கைகள் இல்லாத நாடொன்றில் அந்த முடிவின் பொருள் மிகப் பெரிது. மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவம் செல்லலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. ஆனால் அதே மையத்தில் மற்றொரு கவலையும் வளர்ந்தது. வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காக உண்கிறாரா என்பதை எப்படி அறிவது? சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். தாமே மருந்து உண்ணும் நோயாளிகளைப் பற்றிய இடர்ப்பாட்டை ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரையாக எழுதினார். 1964இல் வெளியான ஆய்வு, வாரம் இருமுறை மையத்தில் மேற்பார்வையோடு மருந்தளித்தல் சிறந்த பலன் தருவதைக் காட்டியது. பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என உலகெங்கும் பரவிய முறையின் வேர்களுள் ஒன்று இது.

ஆக, சென்னை மரபில் இரு இழைகள் பின்னிக் கிடந்தன: மருத்துவத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லுதல், நோயாளியை நம்பாமை. காசநோய்த் திட்டத்தில் முதல் இழை நாளடைவில் வலுப்பெற்றது. 1990களில் திருத்தியமைக்கப்பட்ட தேசியத் திட்டம், அங்கன்வாடிப் பணியாளர், ஊர்க் கடைக்காரர், குணமடைந்த நோயாளி எனப் பலரையும் மருந்து வழங்குநராக ஏற்றது. மருந்துப் பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. போதைச் சார்புச் சிகிச்சையிலோ இரண்டாம் இழையே ஆட்சி செய்தது. நியூயார்க்கில் மெதடோன் கண்முன் குடிக்கப்பட்டதற்குக் காரணம், மருந்து கள்ளச் சந்தைக்குப் போய்விடும் என்ற அச்சம். இந்தியாவில் அந்த அச்சத்தின் மேல் காசநோய்த் திட்டத்திலிருந்து வந்த ‘நேரடி மேற்பார்வை’ என்னும் சொல்லும் நடைமுறையும் எளிதாகப் பொருந்திக்கொண்டன என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. சொல் ஒன்றாக இருந்தமையால் நோக்கம் வேறு என்பது மறைந்துபோயிற்று.

தில்லி, சென்னை, மணிப்பூர்

1980களின் பிற்பகுதியில் புப்ரினார்ஃபின் இந்தியச் சந்தைக்கு வலிநீக்கி ஊசியாக வந்தது. விலை குறைவு, மருந்துக் கடைகளில் எளிதில் கிடைத்தது. ஹெராயின் விலை ஏறியபோதும் கிடைக்காதபோதும் அதனைச் சார்ந்திருந்தோர் இந்த ஊசிக்கு மாறினர். டயசிபாம், ஒவ்வாமைக்கான ஃபெனிரமின் முதலியவற்றைக் கலந்து ஏற்றிக்கொண்டனர். 1990களில் சென்னை, தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் ஊசிவழிப் போதைப் பயன்பாட்டில் இது பெரும்பங்கு வகித்தது. சென்னையில் தெருக்களிலேயே இத்தகையோரைச் சந்தித்து எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்ததைப் பற்றி மனநல மருத்துவர் எம். சுரேஷ்குமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வுரை, 1998இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழொன்றில் வெளிவந்தது. மருத்துவமனைக்கு வாராதவரிடம் களப்பணியாளர் செல்லுதல் பயன் தரும் என்பதற்கு அது தமிழகத்தின் முன்மாதிரி.

ஒரே மருந்து ஊசியாக நோயாகவும், நாவடி மாத்திரையாகச் சிகிச்சையாகவும் விளங்கியது அக்காலத்தின் விந்தை. தில்லியில் ஷரண் என்ற தொண்டு நிறுவனம் 1993இல் புப்ரினார்ஃபின் மாத்திரையை மாற்று மருந்தாக வழங்கத் தொடங்கியது. அதனுடன் தொடர்புடைய ஜிம்மி டொராப்ஜி, லூக் சாம்சன் ஆகியோர் 1998இல் எழுதிய கட்டுரையில் கூரிய அவதானிப்பு ஒன்று உண்டு: மருத்துவத் துறை முன்வருவதற்கு முன்பே பயன்படுத்துவோர் தாமே ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகக் கைக்கொண்டிருந்தனர், நிறுவனம் செய்தது அந்தப் பழக்கத்தைப் பாதுகாப்பான வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அதாவது இச்சிகிச்சையின் இந்திய வரலாறு ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வந்தது என்பதைவிடத் தெருவிலிருந்து மருந்தகத்துக்குப் போனது என்பதே பொருத்தம். புது தில்லியின் எய்ம்ஸ் நிறுவனமும் அதே பத்தாண்டில் இம்மருந்தைச் சிகிச்சைக்குக் கையாண்டு, குடிசைப் பகுதிகளில் சமூக மருத்துவ நிலையங்களையும் நடத்தியது.

மணிப்பூரின் நிலைமை வேறு. மியான்மர் எல்லை வழியே தூய ஹெராயின் வந்தது. இளைஞர் பலர் ஊசியைப் பகிர்ந்துகொண்டனர். 1989இல் அவர்களிடையே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, சில மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது பரவியிருந்தது. உலகில் எங்கும் காணப்பட்ட மிக விரைவான பரவல்களுள் அது ஒன்று. ஊசி பயன்படுத்துவோர் ஒருபுறம் காவல்துறைக்கும் மறுபுறம் ஆயுதக் குழுக்களின் தண்டனைக்கும் அஞ்சி மறைந்து வாழ்ந்தனர். இந்தச் சூழலில் வெளியாள் ஒருவர் பையோடு சென்று கதவைத் தட்டிப் பயன் இல்லை. முன்னாள் பயன்பாட்டாளர்களே இம்பாலில் தொடங்கிய சாசோ, சுராசந்த்பூரில் 1995இல் உருவான ஷாலோம் ஆகியவை நம்பிக்கையை ஈட்ட முடிந்ததற்குக் காரணம் இதுவே. எவர் வீட்டின் பின்புறத்தில் ஊசி ஏற்றப்படுகிறது, எவர் மூன்று நாளாகக் காணப்படவில்லை, எவருடைய தாயார் பேச ஒப்புக்கொள்வார் என்பன மருத்துவப் பட்டம் கற்றுத்தராத அறிவு.

2004 முதல் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம் நடத்திய ‘ஆர்க்கிட்’ திட்டம் இத்தகைய நிறுவனங்களை இணைத்துப் பணியை விரித்தது. அத்திட்டத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் வழியாகப் புப்ரினார்ஃபின் வழங்கியதைப் பற்றி 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், குறைந்த வசதியும் அமைதியின்மையும் உடைய இடத்திலும் தொண்டு நிறுவனங்கள் இச்சிகிச்சையைச் செவ்வனே நடத்த முடியும் என்பதைக் காட்டின. நாள்தோறும் மையத்துக்கு வர வேண்டிய சிகிச்சைக்கு அடிக்கடி நிகழ்ந்த முழு அடைப்புகளும் சாலை மறியல்களும் பெருந்தடை. மருந்து ஒருநாள் தவறினால் உடல்வலியும் குமட்டலும் உறக்கமின்மையும் தொடங்கும். ஹெராயினோ தெருவிலேயே கிடைக்கும்.

தமிழகத்தின் மற்றொரு வழி

இதே காலத்தில் தமிழகம் முதன்மையாக மதுச் சார்பை நோக்கியது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம் ஒன்றை நடத்தியது. சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க இயலாத விவசாயத் தொழிலாளர்க்காக மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் ஊருக்கே சென்றனர். குடி நிறுத்தத்தின் உடனடி விளைவுகளுக்கான மருந்துகள் ஊரிலேயே கொடுக்கப்பட்டன. ஊர் மக்களின் ஒத்துழைப்போடு தொடர்கவனிப்பும் நடந்தது. பட்டம் பெற்ற மருத்துவமனை தன் வேலையை ஊருக்கு இடம்பெயர்த்தது என்ற அளவில் மஞ்சக்குடி முக்கியமானது. ஆனால் இம்முகாம்களின் இலக்கு முழு விலகல்; நீண்டகால மருந்து அன்று.

பிற்காலத்தில் கோவாவில், மருத்துவக் கல்வி பெறாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தீங்கு தரும் அளவு குடிப்போர்க்கு அளித்த உரையாடல் சிகிச்சை பயனுடையது என்று 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான சோதனை நிறுவியது. இரு முயற்சிகளையும் அருகருகே வைத்தால் ஒரு பாகுபாடு தெரிகிறது. களப்பணியாளரிடம் பேச்சு ஒப்படைக்கப்பட்டது, கண்காணிப்பு ஒப்படைக்கப்பட்டது, மருந்து ஒப்படைக்கப்படவில்லை.

அரசுத் திட்டமாதல்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் (2007–2012) மாற்று மருந்துச் சிகிச்சை அரசின் பொறுப்பில் வந்தது. ‘நாகோ’ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த மையங்களை மதிப்பீடு செய்து ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மையத்திலும் மருத்துவர், செவிலியர், ஆலோசகர், களப்பணியாளர் என்ற அமைப்பு வகுக்கப்பட்டது. 0.4 மி.கி., 2 மி.கி. அளவுகளில் புப்ரினார்ஃபின் மாத்திரைகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2010 முதல் பஞ்சாபில் தொடங்கி, அரசு மருத்துவமனையில் மருந்தும் தொண்டு நிறுவனத்தில் களப்பணியும் என்ற கூட்டுமுறை சோதிக்கப்பட்டுப் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. மெதடோன் 2012இல் முன்னோடித் திட்டமாக அறிமுகமாயிற்று.

இந்த மாற்றத்தின் நன்மை வெளிப்படையானது. வெளிநாட்டு நிதி நின்றால் மூடப்படும் நிலையில் இருந்த சிகிச்சை, அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. இழப்பு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை. தொண்டு நிறுவன மையம் பெரும்பாலும் குடியிருப்புக்கு அருகில் வாடகை வீட்டில் இருந்தது. மருத்துவமனை நகரின் நடுவில் இருந்தது. அதன் நேரம் அலுவலக நேரம். கட்டட வேலைக்கோ சுமை தூக்கவோ காலை எட்டு மணிக்குப் போக வேண்டியவர், ஒன்பது மணிக்குத் திறக்கும் மருந்தளிப்பு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். வேலைக்குத் திரும்பச் செய்வதே குறிக்கோளான சிகிச்சை வேலைக்குப் போகவிடாமல் தடுத்த முரண் இது. பெண்களுக்கு அந்த வரிசையே ஓர் அறிவிப்பு. அதில் நிற்பது என்பது தெருவெல்லாம் அறியச் செய்வது. மருந்து வராமல் போனவரைத் தேடிச் சென்று அழைத்து வரும் பொறுப்பு களப்பணியாளருக்கு. அவர் தேடிக் கண்டுபிடிக்கிறார், பேசுகிறார், அழைக்கிறார். மாத்திரை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. மைய மருத்துவமனையிலிருந்து மருந்தைக் குடியிருப்புக்கு அருகிலுள்ள துணைமையத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இதனை ஓரளவு சரிசெய்யவே வகுக்கப்பட்டது.

பையில் வைக்க முடியாத மருந்து

களப்பணியாளர் ஏன் மாத்திரையைக் கொண்டு செல்லவில்லை? முதற்காரணம் சட்டம். புப்ரினார்ஃபின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருள். உரிய அனுமதியோ மருத்துவர் சீட்டோ இன்றி வைத்திருப்பது குற்றம். நோயாளி தம் சொந்தத் தேவைக்கும், மருத்துவமனையும் அறநிலைய மருந்தகமும் தம் பணிக்கும் வைத்திருக்க விதிகள் இடம் தருகின்றன. பலருக்கான மாத்திரைகளைப் பையில் எடுத்துக்கொண்டு சந்துகளில் நடக்கும் களப்பணியாளர் அந்த விதிகளுள் எங்கும் தெளிவாக இல்லை. அவர் முன்னாள் பயன்பாட்டாளர் என்பதையும், உள்ளூர்க் காவலருக்கு அவர் முகம் தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பையின் எடை விளங்கும். நலாக்சோன் கலந்த மாத்திரை, ஊசியில் ஏற்றினால் விலகல் துன்பத்தை உண்டாக்கும்படி அமைந்தது. முறைகேட்டைத் தடுப்பதற்கென்றே உருவானது. இந்தியாவில் அதுவும் சார்புச் சிகிச்சை மையங்களுக்கு மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது.

2014ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை ஓரளவு மாற்றியது. ‘இன்றியமையாப் போதைமருந்துகள்’ என்ற புதிய வகையை அது உண்டாக்கியது. மெதடோன் அவ்வகையில் அறிவிக்கப்பட்டது. சார்புடையோர்க்கான சிகிச்சை பற்றிய பிரிவுகளில் ‘மேலாண்மை’ என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. ஒற்றைச் சொல்தான். ஆயினும் முழு விலகல் மட்டுமே சட்டம் ஏற்கும் இலக்கு என்ற வாதத்தை அது வலுவிழக்கச் செய்தது. நீண்டகாலம் மருந்து கொடுப்பதும் சட்டத்தின் நோக்கத்துக்குள் வந்தது. எவர் கொடுப்பது என்பதைத் திருத்தம் தொடவில்லை.

இரண்டாவது காரணம் அச்சம். அதனை வெறும் தப்பெண்ணம் எனத் தள்ளிவிட முடியாது. இதே மருந்து 1990களில் ஊசியாகத் தெருக்களில் விளைவித்த கேடு மருத்துவர்களின் நினைவில் இருந்தது. பஞ்சாபில் தனியார் மையங்களிலிருந்து மாத்திரை கள்ளச் சந்தைக்குப் போவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஆனால் கள்ளச் சந்தையில் அதனை வாங்குவோருள் பலர் சிகிச்சை மையத்துக்கு எட்ட இயலாதவர்கள் என்பதையும் எண்ண வேண்டும். வெளியே கசியும் மருந்து, உள்ளே கிடைக்காத மருந்தின் அளவையும் காட்டுகிறது.

பஞ்சாப் 2017இல் புறநோயாளர் ஓபியாய்டுச் சிகிச்சை மையங்களைத் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் விரித்தது. 2018இல் தன்னார்வலர்களையும் பெருமளவில் திரட்டியது. கண்டறிதலும் ஊக்குவித்தலும் அவர்கள் பணி. எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் ஓபியாய்டுச் சார்போ தீங்கான பயன்பாடோ உடையோர் ஏறத்தாழ 77 இலட்சம். ஊசிவழிப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 8.5 இலட்சம். சட்டத்துக்குப் புறம்பான போதைப்பொருள்களைச் சார்ந்தோருள் இருபதில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மருத்துவர்களும் மருத்துவமனைகளும் மட்டுமே இந்த இடைவெளியை அடைப்பர் என்று கருத இடமில்லை.

2020 மார்ச்சும் அதன் பின்னரும்

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நாள்தோறும் வரிசையில் நின்று மருந்து பெறுதல் ஒரே இரவில் இயலாததாயிற்று. நாகோவும் பஞ்சாப் அரசும் பல நாளுக்கான மாத்திரைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தன. இருபத்தேழு ஆண்டுகளாக முடியாது எனக் கருதப்பட்டது சில நாளில் ஆணையாக வந்தது. நோயாளியின் கையில் மருந்தை ஒப்படைப்பதற்குப் பெருந்தொற்று தேவைப்பட்டது. களப்பணியாளரின் கையில் ஒப்படைப்பதற்கு அதுவும் போதவில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் முறை நோயாளியைப் பற்றிய அவநம்பிக்கையைத் தளர்த்தியது. பணியாளரின் சட்டநிலை அப்படியே இருந்தது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. அதே ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார். சேத்துப்பட்டு ஆய்வு தொடங்கிய அதே மாநிலத்தில், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், மருந்து மீண்டும் வீட்டுக்குச் சென்றது. வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய மருந்தை, மருத்துவர் அல்லாதவர், நோயாளியின் இருப்பிடத்தில், எண்ணிக் கொடுத்துப் பதிவு செய்யும் முறை இங்கே முழு அளவில் இயங்குகிறது. அவருடைய பையில் இருப்பவை மெட்ஃபார்மினும் ஆம்லோடிபினும்.

2018 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட நல்வாழ்வு மையங்களின் சேவைப் பட்டியலில் மனநலத்தோடு போதைப் பயன்பாடும் சேர்க்கப்பட்டுள்ளது. அதன்படி ஆஷா பணியாளர் சார்புடையவரைக் கண்டறியலாம், குடும்பத்தாரிடம் பேசலாம், மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பலாம், திரும்பி வந்தபின் தொடர்ந்து கவனிக்கலாம். புப்ரினார்ஃபின் மாத்திரையை அவர் தொடுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.